அப்பீல் இல்லாத கோர்ட்டு

மதுரைக் கீழவெளி வீதியில் 'சிந்தாமணி' என்று ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. இப்போது இல்லை. அந்தக் கொட்டகைக்குப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. மற்ற ஊர்களில் கொட்டகை கட்டினார்கள், படம் ஓடிற்று. இங்கேயோ படம் ஓடிற்று, கொட்டகை எழும்பிற்று. மதுரை ராயல் டாக்கி டிஸ்டிரிபியூட்டர்ஸார் 1937-ல் எடுத்த 'சிந்தாமணி'யில் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்தார். அதைவிட முக்கியம், பாடினார். படம் ஓராண்டுக்கு மேல் ஓடியது. வந்த லாபத்தில் கட்டடம் எழுப்பி, அதற்குப் படத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆகவே, பாகவதர் விஷயத்தில் மதுரைக்காரர்கள் பட்சபாதம் இல்லாமல் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அப்படிப்பட்ட ஊரில்தான், 1944 டிசம்பரில், பாகவதரைக் கொலை வழக்கில் கைது செய்துவிட்டார்கள் என்ற செய்தி வந்து விழுந்தது. அவர் மட்டும் அல்ல. நாட்டையே சிரிக்க வைத்துக் கொண்டிருந்த என். எஸ். கிருஷ்ணனும் கைதானார். கோயம்புத்தூர் ஸ்டூடியோ முதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார். அந்த வருஷத் தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' அப்போது சக்கைப் போடு போட்டுக் கொண்டிருந்தது.

கொலையுண்டவர் சி. என். லக்ஷ்மிகாந்தன். ஒரு காலத்தில் பொய்ப் பத்திரம் தயாரித்த குற்றத்துக்காக அந்தமான் வரை போய் வந்தவர். 1943-ல் 'சினிமா தூது' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர் நடிகைகளின் படுக்கையறைச் சமாசாரங்கள்தான் அதன் சரக்கு. சிலர் பணம் கொடுத்து வாயை அடைத்தார்கள். பாகவதரும் கிருஷ்ணனும் நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்ஸ் ரத்தாயிற்று. மனிதர் அசரவில்லை. 'இந்து நேசன்' என்ற வேறொரு பத்திரிகையைப் பிடித்துக் கொண்டு பழைய வியாபாரத்தையே நடத்தினார். 1944 நவம்பர் 8-ம் தேதி, சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க் கொண்டிருந்தவரைச் சிலர் வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்து போனார்.

வழக்கு நடந்தது சென்னை ஹைகோர்ட்டில். நீதிபதி மாக்கெட் துரையின் முன்னால், ஒன்பது ஜூரர்களின் எதிரே. ஆனால் அதே வழக்கு மதுரையில் மாசி வீதிக் காப்பி ஹோட்டல்களிலும், மேலூர், திருமங்கலம் வண்டிப் பேட்டைகளிலும் நடந்தது. இந்தக் கோர்ட்டுக்கு ஜூரர் எண்ணிக்கையில் வரம்பு கிடையாது.

மேலூருக்கு அருகே ஒரு கிராமத்துப் பெரியவர் இதைப் பற்றிச் சில வருஷங்களுக்கு முன் என்னிடம் விஸ்தாரமாகச் சொன்னார். அந்த நாளில் அவருக்குப் பன்னிரண்டு வயது. தகப்பனாருடன் வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து படம் பார்த்தவர். பத்திரிகை வந்தால் ஒருவர் உரக்கப் படிப்பாராம். பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்களாம். படித்து முடிவதற்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்களாம்.

முதல் கட்சியின் சாட்சியம் ஒன்றே ஒன்றுதான்: பாகவதரின் குரல். "திருநீலகண்டராக வந்தவர், சிவகவியாக வந்தவர், கத்தி எடுக்கச் சொல்லி ஆள் வைப்பாரா? சாமி பாட்டுப் பாடின வாய் தம்பி அது!" என்றார் பெரியவர், எண்பது வருஷத்துப் பழைய கோபம் சிறிதும் ஆறாமல்.

இரண்டாவது கட்சிக்கும் ஒரே சாட்சியம்தான்: பாகவதரின் பணம். தங்கத் தட்டில் சாப்பிடுகிறவர் என்று ஊரெல்லாம் பேச்சு. இவ்வளவு பணமும் பேரும் வந்தவனுக்குச் சட்டம் எம்மாத்திரம் என்றார்கள். கூத்தாடிகளே இப்படித்தான் என்று முடித்துக் கொண்டவர்களும் உண்டு.

யோசித்துப் பார்த்தால் இரண்டு கட்சியும் ஒரே தவற்றைத்தான் செய்தன. ஒருவன் என்ன செய்தான் என்று கேட்பதற்குப் பதிலாக, அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டன. அதற்கும் திரையில் பார்த்ததையும் தெருவில் கேட்டதையும் வைத்தே பதில் சொல்லிக் கொண்டன.

மூன்றாவதாக ஒரு கட்சியும் இருந்தது. "கொன்றவன் எவனாயிருந்தாலும் நல்லதுதான் செய்தான்" என்றது அது. இதைச் சொன்னவர்கள் பெரும்பாலும் லக்ஷ்மிகாந்தனின் பத்திரிகையை ஒரு இதழ் விடாமல் வாங்கிப் படித்தவர்கள் என்பதுதான் விசேஷம்.

அரசாங்கத் தரப்பின் பிரதான பலம் ஓர் அப்ரூவரின் வாக்குமூலம். தானும் சதியில் உடந்தை என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புப் பெற்று, மற்றவர்களைக் காட்டிக் கொடுக்கிறவன் அப்ரூவர். அவன் சொல்லை வேறு சாட்சியத்தோடு ஒட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பது நீதிமன்றங்களின் நெடுநாள் எச்சரிக்கை. மதுரைக்காரர்களுக்கு இதை வக்கீல் வந்து விளக்க வேண்டியதில்லை. ஒரு பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனை வெட்டிய ஊர் அல்லவா?

1945 மே 3-ம் தேதி தீர்ப்பு வந்தது. நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டில் செய்த அப்பீல் தள்ளுபடியாயிற்று. கிருஷ்ணனின் மனைவி டி. ஏ. மதுரம் நாடகக் குழுவையும் நடத்திக் கொண்டு வழக்கையும் நடத்தினார். விஷயம் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. அப்பீலைச் சரியான முறையில் விசாரிக்கவில்லை என்று கண்ட பிரிவி கவுன்சில், மறுபடி விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. எத்திராஜ் வாதாடினார். நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுதீன் இருவரும் சாட்சியத்தை அலசிப் பார்த்தார்கள், அது நிற்கவில்லை. 1947 ஏப்ரல் 25-ம் தேதி இருவரும் விடுதலையானார்கள்.

சட்டம் தன் தவற்றைத் திருத்திக் கொள்ள இரண்டு வருஷம் பிடித்தது. தாமதம்தான், ஆனாலும் திருத்திக் கொண்டது. ஜனங்களின் கோர்ட்டு என்ன செய்தது?

பாகவதர் சிறையில் இருந்தபோது 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று தீபாவளிகளைக் கண்டது. மனிதர் கம்பிக்குள்ளே, நிழலுக்குக் கைதட்டல் வெளியிலே! மனிதர் வெளியே வந்ததும் கைதட்டல் நின்றுவிட்டது. தாமே தயாரித்து 1948-ல் வெளியிட்ட 'ராஜமுக்தி' தோற்றது. 1952-ல் வந்த 'அமரகவி'யும் 'சியாமளா'வும் பழைய நாளைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. 1959 நவம்பர் 1-ம் தேதி, லக்ஷ்மிகாந்தன் உயிர் விட்ட அதே ஜெனரல் ஆஸ்பத்திரியில் பாகவதர் காலமானார்.

காலம் மாறிவிட்டது, பாட்டுப் போய் வசனம் வந்துவிட்டது என்பார்கள். அது உண்மையே. ஆனால் அது முழு உண்மை அல்ல. கிருஷ்ணன் அதே வழக்கில் அதே தண்டனை பெற்று அதே நாளில் வெளியே வந்தவர். அவர் 'நல்லதம்பி'யும் 'மணமகளு'மாக மறுபடி எழுந்து நின்றார். சிரிக்க வைக்கிறவனை ஜனங்கள் மனிதனாக வைத்திருந்தார்கள். சிறைக்குப் போய் வந்த மனிதனை மறுபடி வீட்டுக்குள் அழைப்பது எளிது. பாகவதரையோ தெய்வத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து விழுந்தவரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியவில்லை.

சிரிப்பு எல்லோரையும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஆர்பக்கிள் என்ற பெருத்த சரீர ஹாஸ்ய நடிகர் மீது, 1921-ல் ஒரு நடிகையின் மரணத்துக்காக வழக்கு வந்தது. மூன்றாவது விசாரணையில் ஜூரர்கள் அவரை விடுவித்ததோடு, அவருக்கு அநீதி நேர்ந்துவிட்டது என்று எழுதியும் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் சினிமா உலகம் அவர் படங்களுக்குத் தடை போட்டது.

பாண்டியன் தவறு செய்தான். ஆனால் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டிய அந்த நிமிஷமே அப்பீலை ஏற்றுக்கொண்டு, தன் உயிரையே அபராதமாகக் கட்டினான். தெருக் கோர்ட்டு அப்படிச் செய்வதில்லை. அது தீர்ப்பைத் திருத்தாது. வேறு வழக்குக்குப் போய்விடும். லக்ஷ்மிகாந்தனைக் குத்தச் சொல்லி யாரேனும் ஏவினார்களா, ஏவினால் யார் என்ற கேள்விக்கு நிலைத்த பதில் கிடைக்கவே இல்லை. பாகவதர் செய்தாரா இல்லையா என்று இன்றும் விவாதிக்கிறவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. செத்தவருக்கு ரசிகர்கள் இல்லை.

விடைபெறும் போது பெரியவரிடம் கேட்டேன்: "விடுதலையாகி வந்த பிறகு பாகவதர் படம் எத்தனை பார்த்தீர்கள், ஐயா?"

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"ஒண்ணும் பாக்கலை தம்பி," என்றார். "அவரு மேலே தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா என்னமோ, போகணும்னு தோணலை."