ஊர் மணலில் ஒரு தளபதி

லாட்வியாவின் விடுதலைப் போரில் அதன் முதல் தனிப் பட்டாளத்தை நடத்திய கர்னல் ஒஸ்கார்ஸ் கல்பாக்ஸ் உறங்குவது ரீகாவில் அல்ல. சிற்பி கார்லிஸ் ஸாலேயின் கைவண்ணத்தில் 1936-இல் திறக்கப்பட்ட, போர்வீரர்களுக்கான சகோதரர் கல்லறைத் தோட்டம் அங்கே கம்பீரமாக இருக்கிறது. கல்பாக்ஸின் சமாதியோ பிறந்த ஊர்ப்பக்கம், விசாகல்ஸ் என்னும் நாட்டுப்புறக் கல்லறைத் தோட்டத்தில். மாவீரனைத் தலைநகரில் வைத்தால்தானே தேசம் முழுவதும் வணங்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அரசு எழுப்பிய சின்னத்தை இன்னோர் அரசு இடித்துவிடும். 1940-க்குப் பின் சோவியத் ஆட்சியில் விடுதலைப் போர் வீரர்களுக்கு ஊர் ஊராக நின்ற நினைவுத்தூண்கள் பல அப்படித்தான் தகர்ந்தன. 1980-களின் இறுதியிலிருந்துதான் அவற்றை மக்கள் மீண்டும் நிறுத்தினார்கள். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அந்த நினைவைக் காத்ததில் குடும்பங்களின் கல்லறைப் பழக்கத்துக்குப் பெரும் பங்குண்டு என்பதே என் வாதம். கோடையில் வரும் கல்லறைத் திருநாளுக்கு முன் சமாதியைச் சுற்றிய மணலைப் பல் வைத்த வாரியால் கோடு கோடாக இழுத்துவிடுவார்கள். அதன்மேல் எவர் கால் பட்டாலும் தடம் தெரியும். இலையுதிர் காலத்தில் ஒரு மாலை சமாதிதோறும் மெழுகுவர்த்தி எரியும். தாத்தாவின் சமாதியைப் பெருக்க வந்தவரை எந்த அதிகாரி தடுப்பார்? அவர் பக்கத்துச் சமாதிக்கும் ஒரு பூ வைத்துவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்?

தலைநகர்க் கேள்வியைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. கல்பாக்ஸ் 1919 மார்ச் 6 அன்று ஐரீதெஸ் அருகே விழுந்தது எதிரியின் குண்டால் அல்ல. நேச அணியில் நின்ற ஜெர்மன் படையோடு ஆள் தெரியாமல் நடந்த மோதலில். அவர் எதிர்த்த செம்படையிலும் லாட்வியத் துப்பாக்கி வீரர்கள் இருந்தார்கள். அப்படியானால் இவர் யாருடைய வீரர்? இதை மறைப்பது அவரைப் போற்றுவோருக்கு அழகல்ல. அவருடைய பெருமை சாவில் இல்லை. நாடே கைநழுவிக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், பின்வாங்கும் சிறு பட்டாளத்தைச் சிதறவிடாமல் பிடித்துவைத்ததில் இருக்கிறது. எதிரணியில் நின்றவர்களும் இதே பண்ணைவீடுகளின் பிள்ளைகள். ஊர்க் கல்லறை கட்சி பார்த்து மண் ஒதுக்குவதில்லை. ஆகவே வீரர்களுக்குப் புதிதாக நடும் நினைவுப் பலகைகளில் பதவியோடும் விருதோடும் நின்றுவிடாமல், ஒவ்வொருவரும் பிறந்த பண்ணைவீட்டின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்பேன். கல்பாக்ஸுக்கு அது லியெப்ஸாலஸ்.