காக்க காக்க (2003): துப்பாக்கியும் பாட்டும்

2003 ஆகஸ்ட் 1 அன்று வெளியான 'காக்க காக்க', இயக்குநர் கௌதமின் இரண்டாவது தமிழ்ப் படம். முதல் படமான 'மின்னலே' (2001) முழுக்கக் காதல் கதை. இது போலீஸ் கதை. தயாரிப்பு கலைப்புலி தாணு, ஒளிப்பதிவு ஆர்.டி.ராஜசேகர், படத்தொகுப்பு ஆன்டனி, இசை ஹாரிஸ் ஜெயராஜ், பாடல்கள் தாமரை. தலைப்பு, நம் வீடுகளில் காலையில் கேட்டுப் பழகிய கந்த சஷ்டி கவசத்தில் வரும் சொற்கள்தாம்.

சென்னையில் ரவுடிகளை 'என்கவுன்ட்டரில்' தீர்த்துக்கட்டும் நான்கு போலீஸ் அதிகாரிகளில் ஒருவர் அன்புச்செல்வன் (சூர்யா). சேது என்ற தாதாவை அவர்கள் சுட்டுக் கொல்ல, தம்பி பாண்டியா (ஜீவன்) பழிவாங்க வருகிறான். அன்புச்செல்வன் மணந்துகொண்ட பள்ளி ஆசிரியை மாயா (ஜோதிகா) அதற்குப் பலியாகிறாள். படுகாயமடைந்து கிடக்கும் அன்புச்செல்வனின் நினைவுகளாகவே படம் விரிகிறது. ஆகவே காதல் பாடல்கள் எல்லாமே, நடந்து முடிந்துபோன ஒன்றைப் பற்றியவை. இரண்டாம் முறை கேட்கும்போதுதான் இது உறைக்கிறது.

கேகேயும் சுசித்ராவும் பாடிய 'உயிரின் உயிரே' படத்தின் முகவரி ஆகிவிட்டது. 2011இல் வந்த இந்தி மறுஆக்கமான 'ஃபோர்ஸ்' வரை அந்த மெட்டு போனது. அங்கும் கேகே பாடினார். 2022இல் அவர் மறைந்தபோது தமிழர்கள் முதலில் தேடிக் கேட்ட பாட்டுகளில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும். கார்த்திக் பாடிய 'ஒரு ஊரில்', ஆண் தன் காதலியைக் கதை சொல்வது போல வர்ணிப்பது. எனக்கு முக்கியமாகப் படுவது பாம்பே ஜெயஸ்ரீ பாடிய 'ஒன்றா ரெண்டா'. இதில் ஒரு பெண் தன் ஆசைகளை வெட்கப்படாமல், அவசரப்படாமல் எண்ணிச் சொல்கிறாள். கோவையில் பொறியியல் படித்துவிட்டு எழுத வந்த தாமரை, ஆபாசமும் ஆங்கிலக் கலப்பும் இல்லாமலே பாட்டு எழுதுவேன் என்று பிடிவாதமாக நின்றவர். 'மின்னலே'யின் 'வசீகரா'வில் தொடங்கிய தாமரை, ஹாரிஸ், ஜெயஸ்ரீ கூட்டணி இங்கே இன்னும் நிதானம் அடைந்திருக்கிறது. ஹாரிஸும் வாத்தியங்களைக் குறைத்துக்கொண்டு குரலுக்கு இடம் விடுகிறார். இந்தப் படத்துக்காக அவருக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது.

முதல் முறை பார்த்தபோது என்கவுன்ட்டர் காட்சிகளுக்கு நானும் கைதட்டியிருக்கிறேன். இப்போது அப்படி முடியவில்லை. விசாரணையின்றிச் சுடுவதை வீரமாகக் காட்டும் படம் இது. சுட்டவர்களுக்கு மனைவியும் மென்மையான மனமும் உண்டு. சுடப்பட்டவர்களுக்கு அப்படி எதுவும் காட்டப்படுவதில்லை. நம் மனதை அதிகாரிகளின் பக்கம் சாய்ப்பதில் திரைக்கதையை விடப் பாடல்களுக்கே பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். அன்புச்செல்வனை நாம் நேசிப்பது, மாயா அவனை நேசிப்பதால். அந்த நேசத்தை நமக்குச் சொல்வது பாட்டு.

மாயா கொல்லப்படுவதும் கதாநாயகனின் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றத்தானே என்று கேட்டால் மறுக்க முடியாது. ஆனால் அவள் எண்ணிச் சொன்ன ஆசைகள் ஒரு பாட்டில் தங்கிவிட்டன. காக்க வேண்டியவனால் அவளைக் காக்க முடியவில்லை. ஜெயஸ்ரீயின் குரலில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். படத்தை மறுபடி பார்க்கத் தயங்கும் நான், அந்தப் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான்.