மெய்க்கருவுயிரிகளின் வகைப்பாடு

மெய்க்கருவுயிரி (யூகேரியோட்டு) என்பது சவ்வினால் சூழப்பட்ட உட்கருவைக் கொண்ட உயிரணுக்களால் ஆன உயிரினம் ஆகும். விலங்குகள், தாவரங்கள், பூஞ்சைகள் ஆகியவற்றுடன், அமீபா போன்ற எண்ணற்ற ஒற்றை உயிரணு உயிரினங்களும் இதில் அடங்கும். உட்கரு இல்லாத பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் நிலைக்கருவிலிகள் எனப்படுகின்றன.

திணைப் பகுப்பு

கார்ல் லின்னேயசு 1735 இல் உயிரினங்களை விலங்கு, தாவரம் என இரண்டாகவே பகுத்தார். நுண்ணோக்கியில் தென்பட்ட பல உயிரினங்கள் இவ்விரண்டிலும் பொருந்தவில்லை. அவற்றுக்காக எர்ன்சுட்டு எக்கல் 1866 இல் புரோட்டிசுட்டா என்னும் மூன்றாம் திணையை முன்வைத்தார். பள்ளிகளில் பரவலாகக் கற்பிக்கப்படுவது ராபர்ட் விட்டேக்கர் 1969 இல் வெளியிட்ட ஐந்து திணைப் பகுப்பாகும். அதில் மொனேரா தவிர்ந்த நான்கு திணைகளும் மெய்க்கருவுயிரிகளுக்கு உரியவை.

கற்பதற்கு எளிதாயினும் இப்பகுப்பு உறவுமுறையைச் சரியாகக் காட்டுவதில்லை. குறிப்பாக, விலங்கு, தாவரம், பூஞ்சை ஆகிய மூன்றிலும் சேராத மிச்சமே புரோட்டிசுட்டா. அது ஒரே மூதாதையின் வழித்தோன்றல்களை மட்டும் கொண்ட தனிக் கிளை அன்று.

மரபுவழிப் பகுப்பு

1990களிலிருந்து மரபணு வரிசைகளின் ஒப்பீடு இப்படத்தை மாற்றியது. நீண்டகாலம் தாவரவியலில் கற்பிக்கப்பட்ட பூஞ்சைகள், தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கியவை என்று தெரியவந்தது. விலங்குகளின் விந்தணுவும் கைட்ரிட் பூஞ்சைகளின் நீந்தும் வித்தும் பின்புறமுள்ள ஒற்றைக் கசையிழையால் உந்தப்படுவது இவ்வுறவின் அடையாளமாகும். இவ்விரண்டும் ஒப்பிசுதோகொன்டா என்னும் பெருங்குழுவில் சேர்க்கப்படுகின்றன. நிலத்தாவரங்கள், பச்சைப் பாசிகள், சிவப்புப் பாசிகள் ஆகியன ஆர்க்கிபிளாசுடிடா என்னும் வேறொரு பெருங்குழுவைச் சேர்ந்தவை.

இதனால் சில உயிரினங்கள் எதிர்பாராத இடங்களுக்குச் சென்றன. அயர்லாந்தில் 1845 இல் தொடங்கி ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இறந்த பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்குக் கருகல் நோயை உண்டாக்குவது பைட்டோப்தோரா இன்ஃபெசுடன்சு. இழைகளும் வித்துகளும் கொண்டிருந்ததால் இது பூஞ்சையாகவே கருதப்பட்டது. உண்மையில் இது பழுப்புப் பாசிகளுக்கும் டயாட்டம்களுக்கும் உறவானது. பூஞ்சைகளின் சவ்விலுள்ள எர்கோசுடீராலை இது உற்பத்தி செய்வதில்லை. ஆகவே அந்த உற்பத்தியைத் தடுத்துச் செயற்படும் பூஞ்சைக்கொல்லிகள் இதனிடம் பலிப்பதில்லை. வகைப்பாட்டுப் பிழை வயலில் செலவாக முடியக்கூடும்.

மலேரியா ஒட்டுண்ணியும் இதே 'சார்' பெருங்குழுவைச் சேர்ந்ததே. ஒளிச்சேர்க்கை செய்த மூதாதையிடமிருந்து வந்த ஒரு கணிகத்தின் எச்சம் அதன் உயிரணுவில் இன்றும் உள்ளது. பாக்டீரியாக்களுக்கு எதிரான டாக்சிசைக்கிளின் மலேரியாவுக்கும் பயன்படுவது, அக்கணிகத்தை அது தாக்குவதாலேயே ஆகும்.

தீராதவை

பெருங்குழுக்களின் எண்ணிக்கையிலும், மரத்தின் வேர் எங்குள்ளது என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. எமிமாசுடிகோட்டுகள் என்னும் நுண்ணுயிரிகள் 19 ஆம் நூற்றாண்டிலிருந்தே அறியப்பட்டவை. கனடாவின் நோவா சுகோசியா மண்ணிலிருந்து பெறப்பட்ட அவற்றின் மரபணுக்கள் 2018 இல் ஆராயப்பட்டபோது, அவை அறிந்த எந்தப் பெருங்குழுவிலும் அடங்காத தனிக் கிளை எனத் தெரிந்தது.