நான்கு தந்திகளும் மனப்பாடமும்

யுகுலேலேயில் படித்த பாட்டை வாசிப்பது அடிமைத்தனம், கைபோன போக்கில் வாசிப்பதே விடுதலை என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். மனப்பாடம்னாலே பள்ளிக்கூடம், பிரம்பு, அதிகாரம். அந்த வாத்தியத்தின் வரலாறு என் சுலபமான எதிர்வைக் கலைத்துப் போட்டது.

1879இல் மதேராத் தீவிலிருந்து ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய போர்த்துக்கீசியரோடு வந்த சின்ன வாத்தியமே அங்கு யுகுலேலே ஆயிற்று. மன்னர் கலாகௌவா அதை அரசவைக்கு அழைத்தார். 1893இல் அரசி லிலியுஒகலானி கவிழ்க்கப்பட்டார். 1896இல் ஆங்கிலமே பள்ளிப் பயிற்றுமொழியானது. 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவெங்கும் யுகுலேலே மோகம். 1920களின் பாட்டுத்தாள்களில் கட்டம் போட்டுப் புள்ளி வைத்தார்கள். புள்ளியில் விரல் வை, பாட்டு வந்துடும். இங்கே மனப்பாடம் வெறும் சரக்கு.

ஆனால் 1893இல் எலன் பிரெண்டர்காஸ்ட் இயற்றிய எதிர்ப்புப் பாட்டு ‘கௌலானா நா புவா’வும் மனப்பாடமாகத்தானே தலைமுறை தாண்டியது? வகுப்பறை விரட்டிய மொழி பாட்டில் ஒண்டிக்கொண்டது. அதைப் பிசகாமல் பாடுவதே கலகம்.

எட்டி கமாயே (1927-2017) இளமையில் யுகுலேலேயில் ஜாஸ் வாசித்தவர். ஹவாய்ப் பாட்டெல்லாம் ரொம்ப எளிசு என்று ஒதுக்கியவர். 1960 வாக்கில் கேபி பஹினுயியோடு சேர்ந்தபின், அறிஞர் மேரி கவேனா புகுயியிடம் போய்ப் பழம்பாடல்களைக் கேட்டுக் கற்றார். இதைப் பின்வாங்கல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்றும் நான் கைபோன போக்கில்தான் வாசிக்கிறேன். ஆனா மறக்கடிக்கப்பட்டது எதுன்னே தெரியாதவன் எதை மீறுவது?