நட்சத்திர ஆமை மறுவாழ்வு

வீட்டு வளர்ப்பிலோ கடத்தல்காரர் பெட்டியிலோ தண்ணீரும் வெயிலும் தகுந்த இரையும் கிடைக்காமல் நலிந்துபோன இந்திய நட்சத்திர ஆமையை மீட்டு உடல் தேற்றுவதே நட்சத்திர ஆமை மறுவாழ்வு. கரிய ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரியும் இந்தத் தரை ஆமையின் உயிரியல் பெயர் ஜியோகெலோன் எலிகன்ஸ். தென்னிந்தியப் புதர்க்காடுகள், குஜராத், ராஜஸ்தானின் வறண்ட நிலங்கள், பாகிஸ்தானின் சிந்துப் பகுதி, இலங்கையின் உலர் வலயம் ஆகியவை இதன் வாழிடங்கள். ஓட்டின் அழகே இதற்கு எமன். இந்தியாவில் ஒரே ஒரு கடத்தல் மையத்தின் வழியாக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்படுவதாக 2015ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று சொல்லும் ஊரில்தான், ஆமை வைத்திருந்தால் பணம் சேரும் என்று இன்று இதை ரகசியமாக வாங்கி வளர்க்கிறார்கள். 2022ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த ஆமை இருக்கிறது. வளர்ப்பது குற்றம், சிறைத் தண்டனை உண்டு. ஆமையைப் பின்தொடர்ந்து நிஜமாகவே அதிகாரிகள் வீட்டுக்குள் வரலாம். எனவே நலிந்த ஆமை ஒன்று கண்ணில் பட்டால், முதல் வேலை வனத்துறைக்குத் தெரிவித்து ஒப்படைப்பது. கீழே வரும் சிகிச்சை முறைகள் மீட்பு மையங்களிலும் கால்நடை மருத்துவர்களிடமும் நடப்பவை. வீட்டில் செய்து பார்க்க வேண்டியவை அல்ல.

நலிவின் அடையாளங்கள்

ஆமை சத்தம் போடாது, சோறு கேட்டு அடம்பிடிக்காது, மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். அதனால் அது செத்துக்கொண்டிருப்பது வளர்ப்பவருக்கே தெரிவதில்லை. குழிவிழுந்த கண், வறண்டு தொங்கும் தோல், கிளி மூக்குபோல் வளைந்து நீண்ட அலகு, கையில் எடுத்தால் வெற்றுக் கூடு போன்ற கனமின்மை ஆகியவை நெடுநாள் புறக்கணிப்பைச் சொல்லும். வயிற்றோட்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்ப்பார்கள். சில மாதக் குஞ்சில் ஓடு சற்று அமுங்குவது இயல்பு. வளர்ந்த ஆமையில் அமுங்கினால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்துவிட்டது என்று பொருள். வழுக்கும் டைல்ஸ் தரையில் கிடந்தவற்றுக்குக் கால்கள் பக்கவாட்டில் அகண்டு போயிருக்கும்.

மூக்கில் நீர்க்குமிழி, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு வாங்குதல் இரண்டும் அவசரநிலை. ஆமைக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. நுரையீரல் தொற்று வந்தால் அது தானாக வடியும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஓட்டின் தகடுகள் கூம்பு கூம்பாக எழும்புவது மற்ற ஆமை இனங்களில் வளர்ப்புக் கோளாறின் அடையாளம். நட்சத்திர ஆமையில் இதை வைத்து முடிவெடுப்பதில் கவனம் வேண்டும், ஏனென்றால் காட்டில் வளர்ந்தவற்றுக்கே தகடுகள் ஓரளவு எழும்பித்தான் இருக்கும். இந்தக் கூம்புக்குப் புரதம் மிகுந்த இரைதான் காரணம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்து நடத்தி 2003ல் வெளியிட்ட ஆய்வில், புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதக் குறைவுக்கே பெரும் பங்கு இருப்பது தெரிந்தது. எழும்பிய தகடு மீண்டும் தட்டையாகாது. புதிதாக வளரும் விளிம்பு சீராக வந்தால் அதுவே தேறியதற்குச் சான்று.

சூடு, நீர், அப்புறம்தான் இரை

எலும்பும் தோலுமான பிராணியைப் பார்த்ததும் தட்டு நிறையத் தீனி வைக்கத் தோன்றும். இந்த இரக்கம் ஆமையைக் கொல்லும். குளிர்ந்த உடலில் ஆமையின் குடல் இயங்காது. போட்ட இரை உள்ளேயே கிடந்து அழுகும். உலர்ந்த உடலில் சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும். நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று வயிறு நிறைந்தால், ரத்தத்தில் உள்ள பொட்டாசியமும் பாஸ்பரசும் சரசரவென்று செல்லுக்குள் இறங்கி உயிரே போகலாம். எனவே முதலில் உடல் சூடு, அடுத்து நீர், கடைசியில் இரை. இந்த வரிசை மாறக்கூடாது.

சுற்றுப்புற வெப்பநிலை 30 பாகை செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும், இரவிலும் அதிகம் இறங்கக் கூடாது. தமிழ்நாட்டுச் சமவெளியில் இதற்கு ஆண்டின் பெரும்பகுதி விளக்கே தேவையில்லை. ஏசி அறையில் வளர்த்ததுதான் பல ஆமைகளின் நோய்க்கு மூலம். அதே சமயம் நிழலில்லாமல் பிளாஸ்டிக் டப்பில் வைத்து வெயிலில் விட்டால் சிறிது நேரத்திலேயே வெந்து இறந்துவிடும்.

நீரேற்ற எளிய வழி ஊறவைத்தல். அகன்ற அன்னக்கூடையில் வெதுவெதுப்பான நீரைத் தாடைக்குக் கீழே நிற்கும் அளவு ஊற்றி, அரை மணி நேரம்வரை ஆமையை அதில் விடுவார்கள். முதலில் அசையாமல் நிற்கும். பிறகு கழுத்தை நீட்டி மூக்குவரை நீரில் அமிழ்த்தும். தொண்டை மேலும் கீழும் துடிக்கும். குடிக்கிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சற்று நேரத்தில் வால் பக்கமிருந்து வெண்மையான பசை ஒன்று வெளிவரும். ஆமை நீரைச் சிக்கனம் செய்ய யூரிக் அமிலமாக வெளியேற்றும் கழிவு அது. தயிர் போல் குழைவாக இருந்தால் நல்லது. விரலிடையில் மணல்போல் நெருடினால் வறட்சி நாள்பட்டது. சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுப்பார்கள். தானாகக் குடிக்க முடியாதவற்றுக்குத் தோலடியில் திரவம் ஏற்றப்படும்.

உடல் சூடேறி, நீரேறி, சிறுநீர் கழிந்த பிறகே இரை தொடங்கும், அதுவும் நீர்த்த கூழாக, கொஞ்சம் கொஞ்சமாக. தேறி வரும் ஆமைக்கு அருகம்புல், செம்பருத்தி இலை, பூ, மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, முருங்கைக்கீரை எல்லாம் ஏற்றவை. பாலில் நனைத்த பிரெட், சோறு, பிஸ்கட் வேண்டவே வேண்டாம். தக்காளியும் வெள்ளரியும் வீட்டு ஆமைகளின் வழக்கமான உணவு. பெரும்பகுதி நீர்தான், கால்சியம் அற்பம். இரையில் பாஸ்பரஸைப்போல் இரண்டு மடங்காவது கால்சியம் வேண்டும். கணவாய் ஓட்டைப் போட்டால் தேவைப்பட்டபோது கொறித்துக்கொள்ளும்.

கால்சியம் எலும்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். அதைத் தோல் தயாரிக்கப் புற ஊதா பி கதிர் வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடித் தொட்டிக்குள் வெளிச்சம் விழுகிறதே என்று திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. நேரடி வெயிலும் ஒதுங்க நிழலும் போதும்.

மருந்தும் ஓடும்

ஆடு, மாடு, நாய்க்குக் குடற்புழு நீக்கவும் உண்ணி ஒழிக்கவும் தாராளமாகப் பயன்படும் ஐவர்மெக்டின், ஆமை இனங்களுக்கு விஷம். தசைகள் செயலிழந்து இறந்துவிடும். ஆமையை அதிகம் கையாளாத மருத்துவரிடம் போனால் இதை முதலில் நினைவூட்டிவிடுவது மரியாதைக் குறைவல்ல. கண் வீக்கத்துக்குப் போடும் வைட்டமின் ஏ ஊசியும் அளவு மீறினால் தோலை உரித்துவிடும். உடல் குளிர்ந்திருக்கும்போது கொடுக்கும் ஆன்டிபயாடிக்கும் உரிய பலன் தராது.

ஓட்டை வெறும் கவசம் என்று நினைத்து சாயம் பூசுவோரும், கயிறு கட்ட விளிம்பில் துளை போடுவோரும் உண்டு. முதுகெலும்பும் விலாவும் ஓட்டோடு இணைந்தவை. அதில் ரத்த ஓட்டமும் உணர்வும் இருக்கின்றன. ஓடு உடைந்தால் கிருமி நீக்காமல் எம்-சீல் போட்டு மூடுவது கொடுமை; உள்ளே சீழ் கட்டும். சுத்தம் செய்து உடைந்த விளிம்புகளைக் கம்பியாலும் திருகாலும் பொருத்துவதே இப்போதைய முறை. எலும்பு சேர மாதங்கள் ஆகும், சில சமயம் ஆண்டுகளும் ஆகும். முன்னேற்றத்தைக் கண்ணால் கணிக்க முடியாததால் வாரந்தோறும் கிராம் தராசில் எடை பார்த்துக் குறித்து வைப்பார்கள். நீர் குடித்ததால் ஏறிய எடையையும் சதை போட்டதால் ஏறியதையும் பிரித்தறிய அந்தக் குறிப்பேடுதான் உதவும்.

காட்டுக்குத் திரும்புதல்

தேறிய ஆமையை அருகிலுள்ள காட்டில் விட்டுவிடலாம் என்பது தவறான தர்மம். அமெரிக்காவின் மொஹாவி பாலைவன ஆமைகளிடையே மைகோபிளாஸ்மா கிருமியால் சுவாச நோய் பரவியதற்கு, வீட்டில் வளர்த்து விடப்பட்ட ஆமைகளும் காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உண்டு. அந்த ஆமை இனம் 1990ல் அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இன்னொரு சிக்கல் மரபு சார்ந்தது. வடமேற்கு இந்திய நட்சத்திர ஆமைகளும் தென்னிந்திய ஆமைகளும் மரபளவில் வேறுபட்டவை. பறிமுதலான ஆமை எந்த ஊரைச் சேர்ந்தது என்று அதன் ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. மரபணுச் சோதனை வேண்டும்.

எனவே தனிமைப்படுத்தல், நோய்ப் பரிசோதனை, பூர்வீகம் அறிதல், காட்டுக்குள்ளேயே வேலியிட்ட அடைப்பில் பழக்குதல் என்று படிப்படியாகத்தான் விடுகிறார்கள். கேரளத்தின் சின்னாறு சரணாலயத்தில் பறிமுதலான நட்சத்திர ஆமைகளுக்கென்று மறுவாழ்வுத் திட்டம் உண்டு. சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 ஆமைகள் 2018ல் விமானத்தில் கர்நாடகத்துக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டன. ஓடு கோணி நடக்கத் தடுமாறுபவை, அலகைத் தொடர்ந்து தேய்த்துவிட வேண்டியவை, நாள்பட்ட கிருமி சுமப்பவை ஆகியவற்றை மையங்கள் ஆயுள் முழுக்க வைத்துப் பராமரிக்கின்றன. நட்சத்திர ஆமை பல பத்தாண்டுகள் வாழும் என்பதால், கிளை பரப்பிய நிழல் மரமும் நிரந்தர ஊழியரும் உள்ள இடங்களே இந்தப் பொறுப்பை ஏற்க முடியும்.