பற்றைக்காடு: காணிக்காரர் கவனிக்க வேண்டிய ஒரு சொல்

எழுத்தில் ‘பற்றை’, எங்கள் பேச்சில் ‘பத்தை’. சூரை, காரை, ஈஞ்சு என்று முள்ளும் கொடியும் சிறுமரமும் பின்னி, ஆள் நுழைய முடியாமல் கிடக்கும் இடம். தமிழ்நாட்டில் புதர் என்பார்கள். அது பரந்து கிடந்தால் பற்றைக்காடு.

வன்னி விவசாயிக்குப் பற்றையும் காடும் ஒன்றல்ல. பாலையும் முதிரையும் வீரையும் உயர்ந்து நிற்பது காடு. பற்றையோ பெரும்பாலும் மனிதக் கை பட்டு, பிறகு விடுபட்ட நிலம். சேனை வெட்டிப் பயிரிட்டு, மண் களைத்ததும் சில வருடம் விட்டால் பற்றை எழும்பும். பிறகு திரும்பவும் வெட்டுவார்கள். “காணி பத்தை பிடிச்சுப் போச்சு” என்று ஒருவர் சொன்னால், அந்தக் காணிக்கு ஆள் இருக்கிறது என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. காடாகவோ தரிசாகவோ, ஆளில்லாமலோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலம், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்றது பிரித்தானியரின் 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நிரூபிக்கும் பொறுப்பு குடிமக்களின் தலையில். 1897இல் தரிசுநிலச் சட்டம் வந்தது. அதன் இடத்துக்கு 1931இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் வந்தது.

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு ஓடியவர்கள் பல வருடங்களின் பின் திரும்பியபோது, வீடும் தோட்டமும் இருந்த இடமெல்லாம் பற்றை. கிணற்றையும் அத்திவாரத்தையும் தேடித்தான் பலர் எல்லை பிடித்தார்கள். (தன் கட்டுப்பாட்டில் இல்லாத எங்கள் ஊர்களை அந்தக் காலத்தில் இராணுவம் ‘அன்கிளியர்ட்’ பகுதி என்றே சொன்னது. அதில் நாங்கள்தான் பற்றை.)

பழைய கதை என்று விடவும் முடியாது. அதே 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2025 மார்ச் 28இல் வந்த வர்த்தமானி, வடக்கில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னது. உறுதி தொலைந்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் என்ன செய்வார்கள்? எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. ஜூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

ஆகவே காணி பற்றிய எந்தப் படிவத்திலும், எந்தக் கடிதத்திலும் ‘காடு’ என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். ‘இடம்பெயர்வினால் பற்றை பிடித்த குடியிருப்புக் காணி’ என்று எழுதுங்கள். உள்ளே கிணறு, அத்திவாரம், வைத்த தென்னை, பழைய வேலிக் கதியால் எது மிஞ்சியிருந்தாலும் அதையும் சேர்த்து எழுதுங்கள். வெட்டித் துப்புரவாக்க முன்னர் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.