காகித ஆலை விட்டுச்சென்ற சுரங்கம்

பின்லாந்தின் தென்கிழக்கு மூலையில், ரஷ்ய எல்லையை ஒட்டினாற்போல, ஹமினா என்றொரு சிறிய துறைமுக ஊர். நடுவே நகர மண்டபம், அதைச் சுற்றி எண்கோணமாக வளைந்தோடும் தெருக்கள். பின்லாந்தை ரஷ்யாவிடம் ஸ்வீடன் ஒப்படைத்த உடன்படிக்கை 1809-இல் இங்கேதான் கையெழுத்தானது. சரியாக 200 ஆண்டு கழித்து ஊரின் வரலாற்றில் இன்னொரு கைமாற்றம் நடந்தது. மூடிக்கிடந்த காகித ஆலை ஒன்றை சுமார் 4 கோடி யூரோ கொடுத்து கூகுள் வாங்கியது.

அது சாதாரண ஆலை அல்ல. பின்லாந்தின் பெருமைக்குரிய கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோவின் வடிவமைப்பில் 1950களில் எழுந்தது. செய்தித்தாள் அச்சிடும் காகிதம் அங்கே உருளை உருளையாகத் தயாரானது. காகித ஆலைக்கு மரமும் மின்சாரமும் எவ்வளவு முக்கியமோ, தண்ணீரும் அவ்வளவு முக்கியம். அதற்காகக் கரையிலிருந்து கடலை நோக்கிக் கிரானைட் பாறையைக் குடைந்து, ஏறத்தாழ 450 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் வெட்டினார்கள். பல பத்தாண்டுகள் அந்தச் சுரங்கம் கடல்நீரை ஆலைக்குக் கொண்டுவந்தது. பிறகு மர விலை ஏறியது, செய்தித்தாள் காகிதத்தின் தேவை சுருங்கியது. உரிமையாளரான ஸ்டோரா என்சோ 2008 ஜனவரியில் ஆலையை மூடியது. பல நூறு பேருக்கு வேலை போனது. தலைமுறைகளாக ஒரே ஆலையை நம்பி வாழ்ந்த ஊருக்கு அது எப்பேர்ப்பட்ட அடி என்பதை எண்ணிக்கையால் சொல்லிவிட முடியாது.

அங்கே டேட்டா சென்டர் அமைக்க வந்த கூகுளின் பொறியாளர்களுக்கு அந்த இடத்தில் கட்டடத்தைவிடப் பெரிய ஈர்ப்பு இரண்டு இருந்தன. ராட்சத காகித இயந்திரங்களை ஓட்டிய வலுவான மின் இணைப்பு ஒன்று. பாறைக்குள் ஓடிய அந்தச் சுரங்கம் மற்றொன்று. சர்வர் உண்ணும் மின்சாரம் முழுக்கக் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அதை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். ஹமினாவில் பின்லாந்து வளைகுடாவின் குளிர்ந்த நீர் வாசலிலேயே இருந்தது.

2011 செப்டம்பரில் அந்த டேட்டா சென்டர் திறக்கப்பட்டது. அங்கே கடல்நீர் சர்வரின் பக்கமே போவதில்லை. சுரங்கம் வழியே வரும் நீரைச் சல்லடைகள் வடிகட்டுகின்றன. பம்புகள் அதை வெப்பப் பரிமாற்றிகளுக்குத் தள்ளுகின்றன. மெல்லிய உலோகத் தகடுகளை நெருக்கி அடுக்கிய சாதனம் அது. தகட்டின் ஒரு பக்கம் சர்வர் கூடத்தைச் சுற்றிவந்த சூடான நன்னீர், மறுபக்கம் கடல்நீர். இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டுமே கைமாறுகிறது. மின்சாரத்தை விழுங்கும் ராட்சத கம்ப்ரசர்களுக்கு அங்கே வேலையில்லை.

சூடேறிய நீரை அப்படியே திருப்பிக் கொட்டியிருந்தால் இத்தனையும் வீண். பால்டிக் ஆழமில்லாத, பாசி பெருகி ஏற்கெனவே தத்தளிக்கும் கடல். அதனால் வெளியேறும் நீரைத் தனிக் கட்டடம் ஒன்றில் புதுக் கடல்நீருடன் கலந்து, சூட்டைத் தணித்த பிறகே வளைகுடாவில் விடுகிறார்கள். மொத்த ஏற்பாட்டிலும் மெச்சத்தக்க பகுதி இதுதான். கடலிடம் குளிர்ச்சியை எடுப்பது எளிது. எடுத்த நீரைக் கடல் தாங்கும்படி திருப்பித் தருவதில்தான் பொறியியலின் நேர்மை இருக்கிறது.

கடல்நீரால் இயந்திரத்தைக் குளிர்விப்பது கணினித் துறையின் கண்டுபிடிப்பு அல்ல. கடலோர மின் நிலையங்கள் அதை நெடுங்காலமாகச் செய்துவருகின்றன. 1980களில் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையமும் கடலுக்கடியில் வெட்டிய சுரங்கத்தின் வழியேதான் நீர் எடுக்கிறது. வெதுவெதுப்பான வங்கக் கடலில் கொட்டலசும் மட்டியும் கிடைத்த பரப்பிலெல்லாம் ஒட்டி வளர்ந்துவிடும். அவற்றை அடக்க நீரில் குளோரின் கலக்கிறார்கள். 2004 சுனாமியின்போது அந்தச் சுரங்கம் வழியே ஏறிய நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. பின்லாந்து வளைகுடாவின் நீரோ குளிர்ந்தது. உப்பும் பெருங்கடலில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே உத்திதான், ஆனால் கடலுக்குக் கடல் பாடு வேறு.

ஹமினாவுக்குப் பிறகு வேறு சிலரும் கடலோரம் வந்தார்கள். நார்வேயின் ஸ்டாவங்கர் அருகே, மலையைக் குடைந்து நேட்டோ வைத்திருந்த பழைய ஆயுதக் கிடங்கு 2013-இல் டேட்டா சென்டர் ஆனது. அதைக் குளிர்விப்பது சுமார் 8 டிகிரி குளிரில் இருக்கும் ஃபியோர்டு நீர். மைக்ரோசாஃப்ட் இன்னும் துணிந்து, 864 சர்வர்களை ஓர் உருளையில் அடைத்து 2018-இல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்கு அருகே கடலடியில் இறக்கியது. இரண்டு ஆண்டு கழித்துத் தூக்கிப் பார்த்தபோது, நிலத்தில் இருந்தவற்றோடு ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்கு விகிதத்தில்தான் சர்வர்கள் பழுதாகியிருந்தன. ஆனாலும் அந்த முயற்சியை நிறுவனம் பிறகு தொடரவில்லை.

ஹமினாவிலோ விரிவாக்கம் நிற்கவே இல்லை. 2024 மே மாதம் கூகுளும் ஊரின் எரிசக்தி நிறுவனமும் புதுத் திட்டம் ஒன்றை அறிவித்தன. டேட்டா சென்டரின் கழிவு வெப்பத்தை, கட்டடங்களைச் சூடாக்கும் ஊரின் வெந்நீர்க் குழாய் வலையமைப்பில் இலவசமாகச் செலுத்துவது. அந்த வலையமைப்பின் ஆண்டு வெப்பத் தேவையில் சுமார் 80 சதவீதத்தை அதைக்கொண்டே நிறைவேற்றுவது. வீடுகளோடு பள்ளிகளும் பொதுக் கட்டடங்களும் அந்தக் குழாய்களில் இணைந்திருக்கின்றன.